பச்சை வண்டிச் சின்னராஜ் வாங்கிய வெற்றிலை

அந்த நாளில் நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு மோட்டாரில் வந்து இறங்குகிறவனைப் பார்த்து, எந்த வண்டியில் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவன் வேட்டியைப் பார்ப்பார்கள். வெள்ளையாக இறங்கினால் முன்வண்டி. செம்மண்ணில் புரட்டி எடுத்ததுபோல இறங்கினால் பின்வண்டி. தார் காணாத சாலை அது. முன்னே போகிற மோட்டார் கிளப்புகிற புழுதியைப் பின்னே வருகிற மோட்டாரில் உட்கார்ந்திருக்கும் இருபது பேரும் முப்பது மைலுக்கும் தின்றாக வேண்டும். "என்னப்பா, குங்குமத்துல குளிச்சுப்போட்டு வந்தியா?" என்று செவ்வாய்ப்பேட்டைக் காபிக் கடையில் கேலி செய்வார்கள்.

பெண் பார்க்கப் போகிறவர்களும் கோர்ட்டுக்குப் போகிறவர்களும் கேலிக்கு ஆளாக விரும்புவார்களா? எந்த வண்டி முந்தும் என்று விசாரித்துத்தான் ஏறுவார்கள். ஆகவே மோட்டார்க்காரர்கள் சாலையில் பந்தயம் விட்டது வெறும் கொழுப்பினால் அல்ல. இன்று பிந்தின வண்டிக்கு நாளை ஆள் ஏறாது.

நாலு வருஷம் அந்தச் சாலையில் வெள்ளை வேட்டி என்றால் பச்சை வண்டி. பச்சை வண்டி என்றால் சின்னராஜ்.

சின்னராஜ் ஜலகண்டாபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பதினைந்தாவது நிமிஷம் கால் மரத்துப்போகும் என்று சொல்லிச் சொல்லியே தறியை விட்டு ஓடிவந்தவன். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்தபோது அங்கே கல் ஏற்றும் லாரியில் கை பழகினான். அங்கிருந்து எருமப்பட்டி காளியண்ணக் கவுண்டரிடம் வந்தான். கவுண்டர் மேட்டுக்காட்டில் ஒரு பங்கை விற்று, பச்சை வர்ணம் அடித்த பழைய மோட்டார் ஒன்றை வாங்கி, எருமப்பட்டிக்கும் சேலத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அதைவிடப் பழைய வண்டி ஒன்றும் வாங்கினார்; அது எருமப்பட்டியைச் சுற்றின கிராமங்களில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு டிரைவர் கவுண்டரின் அக்காள் மகன் தங்கமுத்து.

கவுண்டர் மோட்டார் முதலாளி ஆனாலும் மனசில் பண்ணையக்காரர்தான். மாட்டுப் பொங்கலன்று எருதுகளுக்குப் போடுகிற மாலையை மோட்டாருக்கும் போடுவார். ஆள் வைக்கிற முறையும் பண்ணைய முறைதான். சித்திரை மாதம் முதல் தேதி வாசலில் நின்று வெற்றிலை பாக்கை எவன் கையில் கொடுக்கிறாரோ, அவன் மறு சித்திரை வரைக்கும் அவருடைய ஆள். எழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. பங்குனியில் ஒரு பண்ணையாள் வேறொருவன் கையிலிருந்து வெற்றிலை வாங்கினான் என்றால், அவன் வேறு பண்ணையம் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். அவனை யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். சித்திரை முதல் தேதி அவன் கை வெறுங்கையாக இருக்கும், அவ்வளவுதான். டிரைவர் லைசென்ஸ் வைத்திருந்த சின்னராஜுக்கும் காட்டில் ஏர் ஓட்டுகிறவனுக்கும் கவுண்டர் ஒரே தட்டில்தான் வெற்றிலை வைத்தார். அதில் சின்னராஜுக்கு வருத்தம் இல்லை. பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

போட்டிக்கு இருந்தது மஞ்சள் வண்டி. அது இராசிபுரத்து நூல் வியாபாரி கந்தவேல் முதலியாருடையது. பச்சை வண்டியைவிட ஆறு வருஷம் இளையது, இஞ்சின் பெரியது. இரண்டும் காலையில் நாமக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே சந்தித்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு புறப்படும். கணக்குப்படி பார்த்தால் மஞ்சள் வண்டிதான் தினமும் முந்த வேண்டும். மூன்றில் இரண்டு நாள் பச்சை வண்டிதான் முந்தியது. கணக்கில் வராதது சின்னராஜின் கை.

ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும். முன்வண்டியின் புழுதி கிழக்கே சாயும். அப்போது மேற்கோரமாக ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் போகிறவன் மேலும் தூசி படாது என்பது அந்தச் சாலையில் அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது. எந்த வளைவில் மிதியிலிருந்து காலை எடுக்கலாம், எங்கே எடுக்காமலே போகலாம், எந்த ஏரி எந்த மாதம் வற்றும், வற்றினால் அதன் ஓரமாகக் குறுக்குத் தடம் உண்டா என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கண்டக்டர் செல்லமுத்து சொல்லுவான்: "எங்க டிரைவரு கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவாருங்க. நாங்களும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருப்போம். பயத்துல."

ஆனால் கையை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? வண்டி கிழடாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் வெற்றிலை வாங்கும்போது சின்னராஜ் அதே பேச்சைப் பேசுவான்.

"புது இஞ்சினு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க, கவுண்டரே. அப்புறம் மஞ்ச வண்டிக்காரன் நம்ம வால்பக்கத்து விளக்கையே பார்க்கமாட்டான்."

"காளை சோந்து போச்சுன்னா லாடம் மாத்தோணும். காளையையே மாத்துவாங்களா?" என்பார் கவுண்டர்.

அப்படி மூன்று வருஷம் லாடம் மாற்றினார்கள். முதல் வருஷம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கார்புரேட்டர் வந்தது. வண்டி மூன்று நிமிஷம் முன்னால் போயிற்று. பெட்ரோலைக் கள்ளுக்கடைக்குப் போனவனைப்போலக் குடித்தது. இரண்டாம் வருஷம் எடையைக் குறைக்கலாம் என்று தேக்குக் கூரையைக் கழற்றிவிட்டு மூங்கில் பாயும் மெல்லிய தகரமும் போட்டார்கள். ஐப்பசி மழையில் உள்ளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புதுச்சத்திரத்திலிருந்து சேலத்துக்கு நெய் கொண்டுபோய் விற்கும் ஆராயி, "ஏனப்பா செல்லமுத்து, சீட்டு எழுதறப்ப குடையும் சேர்த்து எழுதிக் குடுக்கிறது" என்றாள். மூன்றாம் வருஷம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக் கார் ஒன்றிலிருந்து பின்சக்கரப் பல்சக்கரத்தை வாங்கி மாட்டினார்கள். சமதரையில் வண்டி பறந்தது. ஆனால் ஆண்டகளூர் தாண்டி ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். ஆராயி நெய்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்து மேட்டின் உச்சியில் நின்று, "வா சாமி, வா, இன்னும் நாலு எட்டு" என்று மோட்டாரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். வண்டிக்குள் இருந்த ஒரே ஆள் சின்னராஜ். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் வேட்டிகள் சிவந்தன. மூன்றில் இரண்டு என்பது மூன்றில் ஒன்றாயிற்று. மேட்டில் இழந்த நேரத்தைப் பள்ளத்தில் பிடிப்பதற்காக அவன் ஓட்டிய ஓட்டத்தில் இரண்டு முறை வண்டி புளியமரத்தை உரசிக்கொண்டு போனது. "இன்னிக்குப் பொழச்சு வந்தீங்களா?" என்று அவன் மனைவி மாரக்காள் தினமும் கேட்க ஆரம்பித்தாள். கேலியாகக் கேட்கவில்லை.

கடைசியில் கவுண்டரும் இறங்கிவந்தார். ஈசுவர வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றிருந்தபோது, "மெட்ராசுக்கு எழுதிப்போட்டேன்" என்றார்.

"என்னத்துக்குங்க?"

"இஞ்சினுக்குத்தான். புதுசு. சித்திரைக்குள்ள ரயில்ல வந்துரும். இன்னொரு காடும் போச்சு. போவுட்டும். உன்ற கைக்குன்னு வாங்கறேன், சின்னராஜு. இந்தக் கை இல்லீனா நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே மோட்டாரை வித்துப்போட்டு எருமை மேய்ச்சிருப்பேன்."

சின்னராஜ் முன்மூடியை இறக்கி மூடினான். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய் மாரக்காளிடம், "உன்ற கைக்குன்னு வாங்கறேன்னாரு" என்று சொன்னான். சாப்பிடும்போது ஒருமுறை சொன்னான். கை கழுவும்போது இன்னொருமுறை சொன்னான்.

பங்குனி வந்தது. அந்த வாரம் சின்னராஜுக்குக் கடைவாய்ப்பல் வலி. வலது கன்னம் வீங்கி, கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு ஓட்டினான்.

அன்று இராசிபுரத்தில் வண்டியை நிறுத்தியபோது, எதிரே ஒரு புது மஞ்சள் வண்டி நின்றது. வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் கட்டி, விளக்குக் கண்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். கந்தவேல் முதலியார் பட்டுக்கரை வேட்டியோடு தட்டை ஏந்திக்கொண்டு நேரே பச்சை வண்டியிடம் வந்தார்.

"சின்னராஜு, ஒரு நிமிஷம் இறங்கி வாங்க. புது வண்டி பூசை. இந்தச் சாலையில கைராசிக்காரர் நீங்கதான். முதல் சுத்து நீங்க சுத்திக் குடுத்தாத்தான் வண்டி வெளங்கும்."

"எங்க வண்டிக்கு நேரமாச்சுங்க."

"உங்க முதலாளிக்கும் எனக்கும் போட்டி சாலையிலதான். சாமி காரியத்துல என்ன போட்டி?"

இரண்டு வண்டி ஜனமும் பார்த்துக்கொண்டிருந்தது. பூசைக்குக் கூப்பிடுகிறவனை மறுப்பது எப்படி? சின்னராஜ் இறங்கினான். இரும்பு ஹாண்டிலை வாங்கி, புது வண்டியின் மூக்கில் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரே சுற்று. பச்சை வண்டிக்குப் பன்னிரண்டு சுற்று வேண்டும். குளிர்காலத்தில் கெட்ட வார்த்தையும் வேண்டும். இது தூங்குகிறவன் திரும்பிப் படுப்பதுபோல ஒரு முனகலோடு எழுந்து, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. அவன் ஹாண்டிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாறு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். அதற்குமேல் இல்லை. அவ்வளவு நேரம் நின்றிருக்கக் கூடாது.

முதலியார் தட்டிலிருந்து தேங்காய் மூடியும் பழமும் இரண்டு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் எடுத்து நீட்டினார். சுபகாரியத்துத் தாம்பூலம். சின்னராஜ் இரண்டு கையாலும் வாங்கினான்.

தேங்காயையும் பழத்தையும் செல்லமுத்துவிடம் கொடுத்துவிட்டான். வெற்றிலையை மெல்லலாம் என்றால் பல் விண்விண் என்று தெறித்தது. சுபத்துக்குக் கொடுத்த தாம்பூலத்தை வீதியில் எறியவும் மனசு வரவில்லை. சீட்டுக்கு அடியில் சாமான் பெட்டி இருந்தது. ஸ்பேனர்களுக்கு நடுவில் ஒரு சுத்தமான துணியில் சுற்றி அதை வைத்தான். வீட்டுக்குப் போய் மாரக்காளிடம் கொடுக்க நினைத்தான். மறந்துபோனான்.

பூசை நடந்தபோது, முந்தின நாள் சேலத்தில் நெய் விற்றுவிட்டுத் திரும்பிய ஆராயி, எதிர்ப்பக்கம் நின்ற நாமக்கல் வண்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்குச் சின்னராஜ் மேல் ஒரு பகையும் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னாள். "பங்குனியில மஞ்ச வண்டிக்காரரு தட்டம் நீட்டினாரு, நம்ம சின்னராஜு ரெண்டு கையால வாங்கிட்டான்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நாமக்கல்லில் ஒருவன், "நெசவுக்காரன் நெசவுக்காரனோட சேர்ந்துக்கிட்டான்" என்று ஒரு வார்த்தை சேர்த்தான். எருமப்பட்டிக்குப் பேச்சுப் போய்ச் சேர்ந்தபோது சின்னராஜ் சேலத்திலிருந்து இன்னும் திரும்பவே இல்லை. எத்தனையோ நாள் மஞ்சள் வண்டியை முந்தினவனை அந்த ஒருநாள் ஒரு நெய்க்காரியின் வாய் முந்திவிட்டது.

மாலையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது கவுண்டர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் "எத்தனை நிமிசம் முன்னால?" என்று கேட்பார். அன்று கேட்கவில்லை. எழுந்துபோய்ச் சாமான் பெட்டியைத் திறந்து என்னவோ தேடினார். துணிச் சுருணையைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி அப்படியே சுற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மென்று துப்பியிருந்தால் அது மரியாதைக்கு வாங்கின வெற்றிலை. துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தால் அது பேச்சு முடித்து வாங்கின வெற்றிலை. எருமப்பட்டியில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இதைச் சொல்லும்.

சின்னராஜுக்கு அப்போதுதான் சுரீர் என்றது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"போய்ச் சொல்லிப்போட்டு வாங்களேன்" என்றாள் மாரக்காள். "பல்லு வலி, அதனால வெச்சிருந்தேன், வேற ஒண்ணுமில்லீன்னு சொன்னா முடிஞ்சு போச்சு."

"நானா போய்ச் சொன்னா, குத்தமுள்ளவன்தான் முந்திக்கிட்டு வந்து சொல்லுவான்னு நெனப்பாரு."

"சொல்லாட்டி மட்டும் என்ன நெனப்பாராம்?"

"நாலு வருசம் அவரு வேட்டியையும் அவரு ஒறம்பரை சனத்து வேட்டியையும் வெள்ளையா வெச்சிருந்தேன். என்னைக் கூப்பிட்டு, ஏண்டா இப்படின்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். சொல்றேன்."

கவுண்டரும் அங்கே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'அவனா வந்து சொல்லட்டும்' என்று. பதினெட்டு நாள். தினமும் இரண்டுமுறை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டயரைப் பற்றிப் பேசினார்கள். தண்ணீர் ஊற்றினாயா என்று பேசினார்கள். சேலம் ஸ்டேஷனுக்கு மரப்பெட்டி வந்து இறங்கியது. மாட்டு வண்டியில் ஏற்றி எருமப்பட்டிக்குக் கொண்டுவந்தார்கள். சேலத்து மெக்கானிக் இரண்டு நாள் இருந்து பூட்டினான். சின்னராஜ் கூடவே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். புது இஞ்சினின் எண் பொறித்த பித்தளைத் தகட்டைத் தன் துண்டால் துடைத்தான். இவ்வளவு தூரம் வேலை செய்கிறவனைப் பார்த்தால் அவர் மனசு மாறாதா என்று ஒரு எண்ணம். போகிறவன் எதற்கு இத்தனை வேஷம் போடுகிறான் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

சித்திரை முதல் தேதி. வெகுதானிய வருஷம் பிறந்த காலை. வாசலில் பச்சை வண்டி புது வர்ணத்தோடு நின்றது. பண்ணையாட்கள் வரிசையாக நின்று வெற்றிலை வாங்கினார்கள். சின்னராஜ், மாரக்காள் வெளுத்து மடித்துக் கொடுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியில் நின்றான். டிரைவர்தான் கடைசி, அது ஒரு கௌரவம்.

"தங்கமுத்து" என்று கூப்பிட்டார் கவுண்டர்.

தங்கமுத்துவுக்கே தூக்கிவாரிப் போட்டது. "எனக்குங்களா மாமா? சேலத்து வண்டிக்குங்களா?"

"வாங்கிக்கடா."

அவன் வாங்கிக்கொண்டான். கவுண்டர் சின்னராஜ் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நீ முன்னாடியே வாங்கிட்டயாமே, சாமி. ஒரு கையில ரெண்டு எடத்து வெத்தலை வேண்டாம்."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்களே" என்று தொண்டை வரைக்கும் வந்தது. கூட்டம் இருந்தது. பண்ணையாட்கள் இருந்தார்கள். வேட்டி கட்டின ஆண்பிள்ளை அத்தனை பேர் நடுவில் பல் வலியைப் பற்றியா பேசுவான்? சாமான் பெட்டியிலிருந்து தன்னுடைய காக்கிச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டான். துணிச் சுருணை அங்கேயே கிடந்தது. வெற்றிலை சருகாகியிருந்தது.

"சரிங்க. வாரனுங்க" என்றான்.

மூன்றாம் நாள் இராசிபுரத்துக்குப் போய்க் கந்தவேல் முதலியார் முன்னால் நின்றான். முதலியார் நூல் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேலைக்கா? ரெண்டு வண்டிக்கும் ஆள் இருக்குதே, சின்னராஜு."

"அன்னிக்குக் கூப்பிட்டு வெத்தலை குடுத்தீங்களே."

"பூசைக்குக் கூப்பிட்டேன். பூசைக்கு வந்தவங்களுக்கு வெத்தலை குடுக்காம அனுப்புவாங்களா? அன்னிக்கு முப்பது பேருக்குக் குடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, சிரிக்காமலே சொன்னார்: "உங்களை எனக்குக் கொண்டாரோணும்னு நான் நெனைக்கவே இல்லை. அந்த வண்டியில நீங்க இல்லாம இருந்தாப் போதும்னு நெனச்சதுண்டு. அதுக்கும் நான் ஒண்ணும் செய்யலை. நீங்களே பிரிஞ்சுக்கிட்டீங்க."

அவர் கணக்கிலும் பிசகு இருந்தது. அது அடுத்த சந்தை நாளில் தெரிந்தது.

அன்று சின்னராஜ் வேலை ஒன்றும் இல்லாமல், ஆண்டகளூர் மேட்டுக்கு நடந்துபோய் உச்சியில் நின்றான். ஏன் போனான் என்று பிற்பாடு அவனே தன்னைக் கேட்டுக்கொண்டது உண்டு. தங்கமுத்து தோற்பதைப் பார்க்கத்தான் போனான், வேறென்ன? புது இஞ்சின் இருந்தால் மட்டும் போதுமா, கை வேண்டாமா என்று கவுண்டர் வயிறெரிய வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலில் புழுதி தெரிந்தது. பிறகு சத்தம் கேட்டது. தங்கமுத்து கியர் மாற்றுகிற சத்தம்தான் அது. தகரத்தைக் கல்லில் தேய்ப்பதுபோல இருந்தது. வளைவுக்கு நேரத்தில் காலை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாத இடத்தில் எடுத்தான். சாலையின் தவறான பக்கத்தில், மேட்டுக்கு வேகம் சேர்க்காமல், தூக்கக் கலக்கத்தில் வருகிறவனைப்போல வந்தான். ஒரு டிரைவர் செய்யக் கூடாதது எல்லாவற்றையும் அந்த ஒரு பர்லாங்கில் செய்தான். பச்சை வண்டி மேட்டில் ஏறியது. யாரும் இறங்கவில்லை. ஆராயி நெய்ப்பானையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே சுகமாக உட்கார்ந்திருந்தாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறுவதுபோல அது ஏறி, உச்சியில் அவனைத் தாண்டிக்கொண்டு போனது. படியில் தொங்கிக்கொண்டிருந்த செல்லமுத்து சின்னராஜைப் பார்த்துக் கையைத் தூக்கினான், பாதியில் இறக்கிக்கொண்டான்.

மஞ்சள் வண்டி எங்கே என்று சின்னராஜ் திரும்பிப் பார்த்தான். அது கீழே, வெகு தூரத்தில், பச்சை வண்டியின் புழுதிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு தடவித் தடவி வந்துகொண்டிருந்தது.

நாலு வருஷம் அவன் இரண்டு விஷயங்களை நம்பியிருந்தான். ஒன்று, இந்த வண்டிக்குப் புது இஞ்சின் வேண்டும். இரண்டு, இந்த வண்டி ஓடுவது இஞ்சினால் அல்ல, தன் கையால். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்று அதுவரை அவனுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது தலையெல்லாம் செம்மண்ணாக இருந்தது. மாரக்காள் முந்தானையால் தட்டிவிட்டாள்.

"எந்த வண்டிப் புழுதிங்க இது?"

"நம்ம வண்டிதான்" என்றான்.

அதற்குமேல் அவன் வாழ்க்கையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஓமலூரில் ஒரு நெல் வியாபாரியிடம் எட்டு மாதம் லாரி ஓட்டினான். இதற்குள் சர்க்கார் சட்டம் வந்தது. எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுவது, எந்த வண்டி எதற்குப் பின்னால் போவது என்பதெல்லாம் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முந்துகிறவனுக்கு அபராதம். ஒரு காலத்தில் சின்னராஜ் கையில் இருந்தது இப்போது ஒரு குமாஸ்தாவின் பேனாவில் இருந்தது. வேகமாக ஓட்டத் தெரியும் என்று ஒரு முதலாளியிடம் போய்ச் சொன்னால் வேலை கிடைக்காது என்று ஆகிவிட்டது.

கடைசியில் சேலம் முனிசிபாலிடியில் ஒரு வேலை கிடைத்தது. தண்ணீர் லாரி. பின்பக்கம் ஓட்டை போட்ட குழாய் உண்டு. மாலை நேரத்தில் தெருவில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போக வேண்டும். புழுதி அடங்குவதற்காக. ஆள் நடக்கிற வேகத்துக்குமேல் ஓட்டக் கூடாது. ஓட்டினால் மண் நனையாது என்று முதல் நாளே மேஸ்திரி எச்சரித்தார். லாரியும் மோட்டாருமாகப் பன்னிரண்டு வருஷம் புழுதி கிளப்பிச் சம்பாதித்தவன், மீதிக் காலத்துக்குப் புழுதி அடக்கிச் சம்பாதித்தான்.

யுத்தம் ஆரம்பித்து இரண்டாவது வருஷம் ஒரு சாயங்காலம், செவ்வாய்ப்பேட்டையில் லாரியை ஓரம் கட்டித் தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தான். பச்சை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து காளியண்ணக் கவுண்டர் இறங்கினார். வயசாகிவிட்டது, கம்பு ஊன்றியிருந்தார். அவனைப் பார்த்துவிட்டார். பார்க்காததுபோலப் போயிருக்கலாம். போகவில்லை. தெருவைக் கடந்து வந்து நின்றார்.

"நல்லா இருக்கியா, சின்னராஜு?"

"இருக்கனுங்க. நீங்க?"

"ம். மாரக்காளு?"

"இருக்கறாளுங்க."

கவுண்டர் தொட்டியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன்" என்றார் கவுண்டர். "அந்த வெத்தலையை நீ ஏன் மெல்லலே?"

சின்னராஜ் குழாயைத் திருகி மூடினான்.

"பல்லு வலிங்க."

கவுண்டர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய்யாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று பார்க்கிற பார்வை அது. அவன் வாயைத் திறந்து வலது கடைவாயைக் காட்டினான். அங்கே பல் இல்லை; பிடுங்கியாகிவிட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமுங்க."

கவுண்டர் கம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "தங்கமுத்து நல்லாத்தான் ஓட்டறான்" என்று எதற்கோ சொன்னார். "இஞ்சினு நல்ல இஞ்சினு. அதனால ஒண்ணும் தெரியலே."

"ஆமாங்க. பார்த்தனுங்க" என்றான் சின்னராஜ்.

அவர் கடைவீதிப் பக்கம் நடந்தார். அவன் லாரியைக் கிளப்பித் தண்ணீரைத் திறந்துவிட்டான். தெரு குறுகல், அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போக வழி இருந்தது. அவன் தாண்டவில்லை. அவருக்குப் பின்னாலேயே, அவர் நடக்கிற நடைக்கு, தெருக்கோடி வரைக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனான். பின்னால் தங்கமுத்து பச்சை வண்டியை வைத்துக்கொண்டு ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். சின்னராஜ் வழி விடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

கவுண்டர் கோடியில் திரும்பி மறைந்தார். வேட்டியில் ஒரு பொட்டு மண் இல்லை.